லேயில் மூன்று நாள் சும்மா இருங்கள்

மலை நடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 34 வயது, கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலையில் வேலை. பத்து ஆண்டுகளாக வெள்ளியங்கிரி ஏறுகிறேன். ஏழாவது மலைக்கு நான்கு மணி நேரத்தில் போய்விடுவேன். வரும் ஜூலையில் நண்பர்கள் இருவரோடு லடாக்கில் நடக்க ஆசை. லாமாயூருவில் தொடங்கி, கொன்ஸ்கே லா கணவாயைக் கடந்து, சில்லிங்கில் இறங்கி, மார்க்கா பள்ளத்தாக்கு வழியாகச் சாங் சும்டோவில் முடிப்பதாகத் திட்டம். இரண்டு வார விடுப்போடு சனி, ஞாயிறுகளையும் சேர்த்தால் 16 நாள் கிடைக்கிறது. முதல் நாள் விமானத்தில் லே, மறுநாள் காலையிலேயே லாமாயூரு. மிஞ்சும் நாள்களில் காங் யாட்சே இரண்டாம் சிகரத்தையும் ஏறிவிடலாம் என்கிறான் நண்பன். கூடாரம், அடுப்பு, மொத்த உணவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 22 கிலோ வருகிறது. சரியாக இருக்கிறதா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: தம்பி, நீங்கள் தேர்ந்தெடுத்த பாதையில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். மாதமும் சரி. ஜூலை, ஆகஸ்டில் இமாச்சலத்திலும் உத்தராகண்டிலும் மழை கொட்டும், பாதைகள் சரியும். லடாக்கோ பெரிய இமயத் தொடருக்கு அப்பால் மழை மறைவில் இருக்கிறது. நம் ஊர் வாடையும் கோடையும் அங்கே கணக்கில் வராது. கொன்ஸ்கே லாவில் ஜூன் மாதத்தில்கூடப் பனி கிடக்கும். ஜூலை பாதிக்கு மேல் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சரியில்லாதது உங்கள் நாள் கணக்கு. அதிலும் அந்த இரண்டாம் நாள். அதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

வெள்ளியங்கிரி உங்கள் காலைப் பழக்கியிருக்கிறது. ஆனால் அந்த ஏழாவது மலை இரண்டாயிரம் மீட்டரைக்கூடத் தொடவில்லை. தமிழ்நாட்டின் மிக உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். லே விமான நிலையத்தில் படி இறங்கும்போதே நீங்கள் தொட்டபெட்டாவைவிட 600 மீட்டர் உயரத்தில் நிற்பீர்கள். ஊருக்குள் போனால் 3,500 மீட்டர். கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். நீங்கள் கடைசியாகக் கடக்கப்போகும் கொங்மாரு லாவில், ஏறத்தாழ 5,200 மீட்டரில், பாதிதான். உடம்பு இதற்குப் பழகும், நன்றாகவே பழகும். மூச்சு ஆழமாகும், சிறுநீர் அதிகம் போகும், மெல்ல மெல்ல இரத்தமும் மாறும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் அதே நாள்தான். சொல்லப்போனால் வலுவானவர்கள்தாம் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தலைவலித்தாலும் நடந்துவிட முடிகிறதல்லவா, அதனால்.

ஆகவே முதல் மூன்று நாளும் லேயில் சும்மா இருங்கள். முதல் நாள் உண்மையிலேயே சும்மா. சாந்தி ஸ்தூபியின் படிகள் அழைக்கும், போகாதீர்கள். வெந்நீர் குடியுங்கள், தூங்குங்கள், மதுவைத் தொடாதீர்கள். இரண்டாம் நாள் கடைத்தெருவில் நிதானமாக நடக்கலாம். கேஸ் குப்பியை அங்கேதான் வாங்க வேண்டும், விமானத்தில் விடமாட்டார்கள். மூன்றாம் நாள் ஊருக்கு மேலே அரண்மனை வரை ஏறி இறங்குங்கள். டயமாக்ஸ் மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அது உடம்பு பழகுவதைத் துரிதப்படுத்தும் மருந்து, பழகாமலே ஏறுவதற்கான உரிமச் சீட்டு அல்ல. கோவையிலேயே மருத்துவரைப் பாருங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நான்காம் நாள் லாமாயூரு. மடத்தைப் பார்த்துவிட்டு பிரிங்க்டி லா என்னும் சிறு கணவாயைத் தாண்டி வான்லாவில் இறங்குங்கள். லா என்றாலே கணவாய்தான். இந்தப் பாதையின் நல்ல குணம் என்னவென்றால், முதல் நாள் உங்களை லாமாயூருவைவிடத் தாழ்ந்த ஊரில் தூங்க வைக்கிறது. மறுநாள் ஹிஞ்ஜு. அதற்கடுத்த நாள் கணவாயின் அடிவாரம் வரை மட்டும் ஏறிக் கூடாரம் போடுங்கள். மதியத்துக்கே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள், கால் அரிக்கும், இன்றைக்கே கடந்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மூவாயிரம் மீட்டருக்கு மேல் இரவுக்கு இரவு 500 மீட்டருக்குமேல் உயர்த்தித் தூங்கக் கூடாது என்பது உலகம் முழுக்க மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட, எங்கே தலையைச் சாய்த்தோம் என்பதுதான் முக்கியம்.

ஏழாம் நாள் கொன்ஸ்கே லா, ஏறத்தாழ 4,900 மீட்டர். அந்தப் பக்கம் இறங்கினால் சும்டா சென்மோ. அங்கிருந்து சில்லிங்குக்குப் போக, டுங்டுங்சென் லா வழியாக மேலேறிப் போகும் பாதையை எடுங்கள். முகட்டில் நின்றால் கீழே சன்ஸ்கார் ஆறு அறுத்த பள்ளம் தெரியும். செம்பிலும் பித்தளையிலும் கரண்டியும் பானையும் தட்டும் கொல்லர்களின் ஊர் சில்லிங். ஒரு பட்டறையில் உட்கார்ந்து அரைமணி நேரமாவது பாருங்கள். பிறகு ஸ்கியு, மார்க்கா, ஹன்கர், நிமாலிங். பதின்மூன்றாம் நாள் கொங்மாரு லாவைக் கடந்து சாங் சும்டோ. வண்டிச்சாலை ஆண்டுக்கு ஆண்டு இந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் நீண்டுகொண்டே போகிறது. எங்கே வரை வந்திருக்கிறது, எங்கே மேல்பாதையில் போகலாம் என்பதை லேயில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பதினான்கும் பதினைந்தும் வெறும் நாள்கள். அந்த இரண்டு நாளில்தான் உங்கள் நண்பர் சிகரத்தை வைத்திருக்கிறார். காங் யாட்சே இரண்டு 6,250 மீட்டர். பனியில் வழுக்காமல் இருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்ளடி, பனிக்கோடரி, கயிறு, தனி அனுமதி, கூட வரத் தெரிந்த ஆள் எல்லாம் வேண்டும். அது வேறு பயணம், இன்னொரு கோடையில் போங்கள். இந்த இரண்டு நாளை நான் விட்டுத்தரமாட்டேன். காரணம் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கு பேர் நிமாலிங் போனோம். நாளைக் கணக்குப் பார்த்து ஹன்கரில் தங்காமல் நேரே மேலே ஏறிவிட்டோம். எங்களில் நல்ல தெம்பானவர் ஒருவர். மாலையில் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுகிறார், அவிழ்க்கிறார், மறுபடி கட்டுகிறார். கயிற்றின் இரண்டு முனையையும் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மண்ணில் ஊன்றுகோலால் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் குதிகாலை விரல் தொட அடிமேல் அடிவைத்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் கோட்டை விட்டு விலகினார், நான்காவதில் சரிந்தார். மூளையில் நீர் கோத்துக்கொண்டால் இப்படித்தான் தள்ளாட்டம் வரும். விடியட்டும் என்று காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில், ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஹன்கர் வரை இறக்கினோம். காலையில் அவரே எழுந்து தேநீர் கேட்டார். அந்தப் பயணத்தில் எங்களிடம் ஒரு நாள்கூட உபரியாக இல்லை. இருந்திருந்தால் ஹன்கரில் தங்கியிருப்போம், இது நடந்திருக்காது.

இந்தக் கோட்டு நடையை மூவரும் கற்றுக்கொள்ளுங்கள். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், எந்நேரமானாலும் கீழே இறங்க வேண்டும். திரும்பிவிடலாம் என்று சொல்லும் உரிமை மூவரில் யாருக்கும் உண்டு, மற்ற இருவரும் வாதாடக் கூடாது என்று கோவையிலேயே பேசி முடிவெடுங்கள். மேலே போனபின் பேசினால் அது பேச்சாக இருக்காது.

இனி சுமை. 22 கிலோ மிக அதிகம். வான்லா, ஹிஞ்ஜு, சும்டா சென்மோ, சில்லிங், ஸ்கியு, மார்க்கா, ஹன்கர் எல்லாவற்றிலும் வீடுகளில் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும். ஆட்டைத் தூக்கிப் போகும் பனிச்சிறுத்தையைக் கொல்லாமல், அதைப் பார்க்கவும் மலையில் நடக்கவும் வருகிறவர்களால் குடும்பத்துக்கு வருமானம் வரட்டும் என்ற எண்ணமும் இந்த ஹோம்ஸ்டேகளுக்குப் பின்னால் இருக்கிறது. மார்க்கா இருப்பது ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள். அந்த வீடுகளில் நீங்கள் கொடுக்கும் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. ஆகவே கணவாய் அடிவாரத்துக்கும் அவசரத்துக்கும் மூவருக்கு ஒரே கூடாரம், நான்கு நாள் உணவு, குளிருக்கான நல்ல ஸ்லீப்பிங் பேக், மழைச்சட்டை. 13 கிலோவுக்குள் முடியும். பழகும்போது ஒரே நாளில் மலை ஏறி இறங்குவதோடு நிறுத்தாதீர்கள். சனிக்கிழமை பையோடு ஆறு மணி நேரம் நடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வலியோடு எழுந்து மறுபடி ஆறு மணி நேரம் நடங்கள். இந்தப் பயணமே அந்த ஞாயிற்றுக்கிழமை போலத்தான் இருக்கும்.

கடைசியாக ஆறு. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மார்க்கா ஆற்றில் பாலம் இல்லாத இடங்களில் இறங்கித்தான் கடக்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் முழங்காலுக்குக் கீழே இருந்த தண்ணீர் மாலையில் தொடைக்கு வந்துவிடும். நிறம் பால் அதிகமாகப் போட்ட தேநீர்தான், தரை தெரியாது. கரையில் நின்று காது கொடுங்கள்: தண்ணீருக்கடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டால் அங்கே இறங்காதீர்கள், அகலமான இடம் தேடுங்கள். ஆறு பல கிளையாகப் பிரியும் இடத்தில் ஆழம் குறைவு. பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பை உங்களை அமுக்கக் கூடாது. வெறுங்காலோடு வேண்டாம், செருப்பைப் பட்டை போட்டுக் கட்டுங்கள். முகத்தை நீர் வரும் திசைக்கு வைத்து, ஊன்றுகோலை முன்னால் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். பத்தடி போவதற்குள் கால் மரத்துவிடும், அவசரப்படாதீர்கள்.

மழை மறைவுப் பிரதேசம் என்பதால் மழையே வராது என்றும் நம்பிவிடாதீர்கள். 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவில் லேயில் மேகம் உடைந்து கொட்டியதில் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். செடி பிடிக்காத அந்த மலைகள் தண்ணீரை நிறுத்தி வைப்பதில்லை. சமதளமாக, மணலாக, காற்றுப்படாமல், கூடாரத்துக்கென்றே செய்ததுபோல ஓர் ஓடைப்படுகை தெரியும். அங்கே ஒருபோதும் படுக்காதீர்கள்.

கேள்வி: சைவ உணவு மட்டுமே சாப்பிடுபவள். கணவரோடு இதே மார்க்கா பாதையில் எட்டு நாள் நடக்கப்போகிறேன். அரிசியும் பருப்பும் கொண்டுபோய் நாமே சமைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: சைவம் பற்றிக் கவலையே வேண்டாம். வீடுகளில் சோறு, பருப்பு, கீரை, காய் போட்ட நூடுல்ஸ் சூப்பான துக்பா, மாவைக் கிள்ளிப் போட்டுக் கொதிக்கவைக்கும் ஸ்கியு எல்லாம் தருவார்கள். இறைச்சி வேண்டாம் என்று வந்ததுமே சொல்லிவிடுங்கள், போதும்.

சமைப்பதில்தான் சிக்கல். உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஒரு டிகிரி அளவுக்குக் குறையும். நிமாலிங்கில் 85 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் துவரம் பருப்பு கல் மாதிரியே கிடக்கும். குக்கர் இருந்தால் வேகும், ஆனால் அதையும் சுமக்க வேண்டும், கேஸும் தீரும். அரிசியை விட்டுவிட்டு அவலை எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் சாப்பாடு. வறுத்த சேமியா, வறுத்த ரவை, சத்து மாவு, பருப்புப் பொடி, நெய், வேர்க்கடலை, எள்ளுருண்டை, பேரீச்சை. ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் காய்ந்த உணவு என்று நான் கணக்கு வைத்துக்கொள்வேன்.

இதில் நான் மறக்காமல் எடுத்துப்போவது இரண்டு: கெட்டியாகக் காய்ச்சிய புளிக்காய்ச்சலும் உப்பு நார்த்தங்காயும். நான்காயிரம் மீட்டருக்கு மேலே பசி செத்துவிடும். எதிரில் சாப்பாடு இருக்கும், கை போகாது. சாப்பிடாமல் படுத்தால் இரவெல்லாம் குளிரும். அப்போது ஒரு துண்டு நார்த்தங்காயை வாயில் அடக்கிக்கொண்டால் எச்சில் ஊறும், அவலில் பாதியாவது உள்ளே போகும். ஒருமுறை ஹன்கரில் ஒரு வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்தேன். சப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தவர், மறுபடி கையை நீட்டினார். பதிலுக்கு வறுத்த வாற்கோதுமை மாவை வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உருண்டையாகக் கையில் வைத்தார். சம்பா என்கிறார்கள். நம் சத்து மாவு உருண்டையேதான், இனிப்பு மட்டும் இல்லை. லேயில் கிடைக்கும், வெல்லத்தோடு எடுத்துப்போங்கள்.

வழியில் மணிச் சுவர்கள் வரும்; மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிக் கட்டியவை. சுவர் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். கோயிலை வலம் வருகிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: இப்படிப்பட்ட நடைக்குப் பயணத்துக்கு முந்தின வாரம் ஷூ வாங்கினால் போதுமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: போதாது. மூன்று மாதம் முன்பே வாங்கி, 100 கிலோமீட்டராவது அதோடு நடந்திருக்க வேண்டும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள், இறக்கத்தில் அதுதான் பிராணனை வாங்கும். நடக்கும்போது ஓரிடம் சூடாக உறுத்தினால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. கல்லூரித் தோழிகள் இருவரோடு ஆகஸ்டில் மார்க்கா போகிறாள். போகாதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பத்து நாள் போன் இருக்காது என்கிறாள். நான் எப்படி அம்மா இருப்பேன்?
– ஒரு தாய், சேலம்

பதில்: போகாதே என்று சொல்லாத உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். என் அம்மாவுக்கும் இதே பத்து நாள்கள் இருந்தன. அவர் எப்படி இருந்தார் என்று நான் கேட்டதே இல்லை.

மகள் செய்ய வேண்டியவை முதலில். லேயில் பதிவுபெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். பெண் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். ஆற்றில் எங்கே இறங்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுக்க வேண்டும். அதுவும் பள்ளத்தாக்குக்குள் பெரும்பாலும் எடுக்காது. பாசத்தில் யாராவது செயற்கைக்கோள் போன் வாங்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம்.

இனி உங்களுக்கு. எந்த இரவு எந்த ஊர் என்று நாள் வாரியாக ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூவர் வீட்டு எண்களும் வழிகாட்டியின் எண்ணும் லேயில் தங்கும் விடுதியின் எண்ணும் அதில் இருக்கட்டும். சாங் சும்டோவில் இறங்கும் நாளை எழுதி, அதற்குக் கீழே இரண்டு நாள் தள்ளி இன்னொரு தேதியைச் சிவப்பில் எழுதச் சொல்லுங்கள். முதல் தேதியில் அழைப்பு வராவிட்டால் ஒன்றும் செய்யாதீர்கள். ஆற்றில் தண்ணீர் கூடி ஒரு நாள் காத்திருப்பார்கள், இல்லை ஒருத்திக்குத் தலைவலித்து ஹன்கரில் கூடுதலாக ஓர் இரவு தங்கியிருப்பார்கள். அப்படித் தங்குகிற பெண்ணைத்தான் நீங்கள் வளர்த்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் தேதி மாலை வரை குரல் வராவிட்டால், முதலில் விடுதிக்கு அழையுங்கள், பிறகு வழிகாட்டியின் வீட்டுக்கு.

அந்தச் சிவப்புத் தேதியை மகளும் தன் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அவசரமாக இறங்க வேண்டியதில்லை, அம்மா அந்த நாள் வரை பதறமாட்டாள் என்று அவளுக்கும் தெரிந்திருக்கட்டும். கிளம்பும் முன் உங்கள் எதிரிலேயே எழுதட்டும்.